மரத்துக்கு வந்த ஓடிபி

ஜூன் 9, திங்கள்
நர்சிங் கல்லூரி அட்மிஷன் ஆப்பில் இன்று பாஸ்வேர்டை எடுத்துவிட்டோம். ஃபோன் நம்பரைப் போட்டால் எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வரும், அடித்தால் உள்ளே போகலாம். லாகின் பகுதி முழுக்க நான் எழுதியது. ஓடிபி இரண்டு நிமிடம் செல்லும். ஐந்து முறை தப்பாக அடித்தால் இரண்டு நாள் பூட்டு. "சூப்பர், ஃபிஜா" என்றார் டீம் லீட் சுரேஷ். அவர் வாயில் அதெல்லாம் லேசில் வராது.

ஜூன் 11, புதன்
ஹெல்ப்லைனில் ஒரு பெண். அம்சவல்லி, ஜவ்வாது மலை. சீட் கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆப்பில் உறுதி செய்ய வேண்டும். உள்ளேயே போக முடியவில்லையாம்.

"ஸ்கூல்ல நெட்டு இருக்குதுங்க மேடம், டவர்தான் இல்ல. ஃபோன மேட்டுல மரத்துல தொங்கவுட்டிருக்கோம். எங்கண்ணன் ஓடிபி பாத்து கத்தும், நான் கீழ கம்ப்யூட்டர்ல அடிப்பேன்."

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே எழுதி வைத்திருக்கிறேன். இவர்கள் ஊருக்கே கேட்கக் கத்துகிறார்கள்.

ஜூன் 12, வியாழன்
இப்போதுதான் புரிந்தது. எஸ்எம்எஸ் தாமதமானால் அவள் 'மறுபடி அனுப்பு' அழுத்துகிறாள். அழுத்தினதும் பழைய ஓடிபி செல்லாது. அண்ணன் கத்துவதோ அந்தப் பழையதை. இன்று மதியம் ஐந்தாவது தப்பு, பூட்டிக்கொண்டது. டவர் கிடைக்கும் திருப்பத்தூருக்கு மலையிலிருந்து இறங்கி வந்தாலும் பூட்டு பூட்டுதான். ஏன் இரண்டு நாள் வைத்தேன்? திருடனை மட்டும் நினைத்து வைத்தேன்.

"காலேஜ் சொல்லாம தெறக்கக் கூடாது" என்றார் சுரேஷ். "இன்னைக்கு ஒருத்திக்குத் தெறந்தா நாளைக்கு இன்னா பண்ணுவ?"

கல்லூரிக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை. என்னால ஒரு பொண்ணு சீட்டு போச்சுன்னா — யா அல்லா. சோறு இறங்கவில்லை. அம்மி, பெற்றவளாயிற்றே, காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஜூன் 13, வெள்ளி
மூன்று மணி வரை மெயிலையே பார்த்தேன். வரவில்லை. சுரேஷ் மீட்டிங்குக்குப் போனதும் அவள் பூட்டை நானே திறந்துவிட்டேன். ஓடிபியின் இரண்டு நிமிடத்தைத் தொடவில்லை, தொட்டால் எல்லாருக்கும் மாறும். மரத்து ஃபோனுக்கு அடித்தேன். அவள் அண்ணன் ரஞ்சித் எடுத்தார்.

"ஒரு தடவதான் அழுத்தணும்னு தங்கச்சிகிட்ட சொல்லுங்க. நம்பர் வந்ததும் கத்துங்க."

எஸ்எம்எஸ் வந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் கத்தினார். கீழே ஒரு பெண் குரல் அதையே கத்தியது. அப்புறம் தூரத்தில், ஸ்கூல் பக்கம், இன்னொன்று. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. போச்சு, போச்சு என்று ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்துவிட்டாள். சீட் உறுதி.

டாய்லெட்டில் போய் அழுதேன். பிறகு சுரேஷிடம் நானே சொன்னேன். அவர் நிமிரவில்லை. "வூட்டுக்குப் போ. திங்கக்கெழம பேசலாம்."

ஜூன் 14, சனி
வேலை போய்விடும். அம்மியிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 16, திங்கள்
வேலை இருக்கிறது. லாகின் பகுதியைத் தொட மட்டும் இனி எனக்கு அனுமதி இல்லை. பார்க்க முடிகிறது, பார்த்தேன். ஓடிபி பதினைந்து நிமிடம் செல்லும். மறுபடி அனுப்பினாலும் பழையதும் செல்லும். பூட்டு ஒரு மணி நேரம்தான். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, மாற்றியிருக்கிறார்கள். மாற்றியவர் பெயர் சுரேஷ்.

மதியம் என் எதிரில்தான் சாப்பிட்டார். என் டப்பாவிலிருந்து ஊறுகாய் மட்டும் எடுத்துக்கொண்டார்.