படகோரம் போட்ட எட்டு

செப்டம்பர் 27, வெள்ளி

இன்றும் கார் ஓட்டும் தேர்வு நடக்கவில்லை. இது இரண்டாவது முறை. எங்கள் ஊரில் லைசென்ஸுக்குப் பதினாறு வயது போதும், எனக்கு முடிந்துவிட்டது, வண்டியும் இருக்கிறது. கூட வர வேண்டிய அப்பாதான் ஏரியில் மஸ்கி மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நிலா மறையற நேரம்டா இங்கா குட்டி. மஸ்கி வாயத் தொறக்கும். இந்த ஒரு தடவ."

மஸ்கி வாயைத் திறக்கவில்லை. அம்மா திறந்தாள், இரவுச் சாப்பாடு முடியும்வரை.

செப்டம்பர் 28, சனி

எங்கள் வீட்டுக் கடிகாரம் ஒரு மீனின் வயிறு. ஃப்ரிட்ஜில் நிலா அட்டவணை ஒட்டியிருக்கிறது: எழும் நேரம், மறையும் நேரம், தலைக்கு மேல் வரும் நேரம். அப்போதுதான் மஸ்கிக்குப் பசிக்குமாம். என் பிறந்தநாள் கேக்கைக்கூட நிலா உச்சியிலிருந்து இறங்கிய பிறகுதான் வெட்டினோம். இத்தனைக்கும் பிடித்தால் தின்பதும் கிடையாது. அளந்து, படமெடுத்து, தடவிக்கொடுத்துத் தண்ணீரிலேயே விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை வறுத்த மீனுக்கு ஹோட்டலில் வரிசையில் நிற்கிறோம்.

கடுப்பில், மான்வால் மயிரும் சேவல் இறகும் வைத்து அப்பா கட்டிய முழங்கை நீளப் பொய் இரையை அவருடைய சோளப்பொரி டப்பாவுக்குள் போட்டுவைத்தேன். அலறுவார் என்று பார்த்தால், "அட, நிறம் மங்கிப்போச்சே. நல்ல வேள காட்டின" என்கிறார். இந்த வீட்டில் குறும்புக்குக்கூட மரியாதை இல்லை.

அக்டோபர் 5, சனி

புதுத் தேதி: 18, காலை. "சத்தியமா வர்றேன்" என்றார் அப்பா. அட்டவணையைப் பார்த்தேன். அன்றைக்கும் தேர்வு நேரத்தில்தான் நிலா மறைகிறது. இந்த நிலாவுக்கு வேறு வேலையே இல்லையா?

அக்டோபர் 12, சனி

அப்பாவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. தூண்டில் வீச ஆள் வேண்டுமாம். இழுத்துப் போனார். துடுப்புப் போட பக்கத்து வீட்டு வெர்ன் மாமா.

வீசு. இழு. கயிறு முடியும் இடத்தில், படகோரம், தூண்டில்கோல் நுனியைத் தண்ணீருக்குள் விட்டுப் பெரிதாக ஒரு எட்டு போடு. இரைக்குப் பின்னால் வரும் மீன் அப்போதுதான் கவ்வுமாம். மீன் இருந்தாலும் போடு, இல்லாவிட்டாலும் போடு. மதியம் முழுக்க எட்டு. என் கணக்கு நோட்டில்கூட இத்தனை எட்டு கிடையாது.

நிலா எழும் நேரம் வந்தது. மூழ்கிக் கிடந்த அடிமரத்தருகே வீசினேன். எட்டின் முதல் வளைவில் இரைக்குப் பின்னால் ஒரு மரக்கட்டை வந்தது. கட்டைக்குக் கண் இருந்தது.

"நிறுத்தாத, சுத்து," என்றார் அப்பா, சத்தமே இல்லாமல்.

இரண்டாவது வளைவு. வாய் திறந்தது, உள்ளே வெள்ளை வெளேரென்று. நான் — சீ — கோலை மேலே தூக்கிவிட்டேன். பக்கவாட்டில் இழுக்க வேண்டும், தெரியும். தூக்கினேன். மீன் போய்விட்டது.

"இங்கா அதுக்குச் சலாம் போட்டு அனுப்பிட்டா," என்றார் வெர்ன் மாமா. அப்பா என் இரையில் சிக்கியிருந்த பாசியைப் பொறுமையாக எடுத்துவிட்டார். அதுதான் எரிச்சல்.

நிலா நேரத்தில் வந்தது வெறும் தற்செயல்.

அக்டோபர் 13, ஞாயிறு

தற்செயல்தான்.

அக்டோபர் 16, புதன்

பின்தொடர்ந்து வந்த மஸ்கி நாள் கணக்கில் அதே இடத்தில்தான் கிடக்குமாம், ஏதோ ஒரு நிலா நேரத்தில் கவ்வும்வரை. வெர்ன் மாமா சொன்னார். நான் கேட்கவே இல்லை. ஒரு தடவைதான் கேட்டேன்.

ஃப்ரிட்ஜுக்குப் பால் எடுக்கத்தான் போனேன். எனக்குப் பால் பிடிக்காது என்று அம்மா ஞாபகப்படுத்தினாள்.

அக்டோபர் 18, வெள்ளி

அப்பா வந்தார். வண்டியைக் கழுவி, சட்டை மாற்றி, எனக்கு முன்பே தயார். பின்னால் படகு இல்லாமல் வண்டி பாதியில் நின்ற முடிவெட்டு மாதிரி இருந்தது.

தேர்வு நடத்திய அம்மாள் ஏரிக்கரைச் சாலையில் ஓட்டச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் போனது. காற்று தெற்கே திரும்பியது, தண்ணீர் கறுத்தது. 'ஸ்டாப்' பலகையில் வண்டி முழுதாக நிற்கவில்லை.

"எங்கேம்மா பாத்துட்டிருந்த?"

"தண்ணிய."

"தண்ணில என்ன?"

ஒரு வாத்துகூட இல்லை. ஃபெயில்.

அப்பா வெளியே காத்திருந்தார். ஃபெயில் பேப்பரைப் படித்தார். பிறகு என்னைப் படித்தார்.

"நிலா மறைஞ்சு இன்னும் அரை மணிகூட ஆகல," என்றார்.

"தெரியும்ப்பா."

அது எப்படி வாயிலிருந்து நழுவியது? திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வீடு வரும்வரை நான் ஓட்ட, அப்பா ஜன்னல் பக்கமே பார்த்தார், துரோகி.

அக்டோபர் 21, திங்கள்

மறுதேர்வுக்குப் போன் செய்தேன். ஒரு காலை நேரம், ஒரு மதிய நேரம். எது வேண்டும் என்றார்கள். போனைக் கையால் பொத்திக்கொண்டு ஃப்ரிட்ஜ் வரை போய் வந்தேன்.

"மதியம்," என்றேன். "காலைல ஒரு வேல இருக்கு."

"கடவுளே," என்றாள் அம்மா, "இப்ப ரெண்டு பேரா?"

அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு காபி குடித்தார். அவர் தோள் குலுங்கியது. வலி போய்விட்டது போலிருக்கிறது.