கழுத்திலிருந்து எண்ணுவது

உன் சாமான்கள் கார் நிக்கோபார் தீவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தன. ஒரே ஓர் அட்டைப்பெட்டி. உன் அண்ணன் அதை என் முன்னால் திறந்து, "இதெல்லாம் என்னன்னு எங்களுக்கு வெளங்கல. ஒங்க வேலச் சாமானா இருந்தா எடுத்துக்குங்க தங்கச்சி" என்றார். அடியில் அந்த ஈய 'எல்' கிடந்தது. எக்ஸ்ரே படத்தில் இடப்பக்கம் எதுவென்று காட்ட நாம் வைக்கும் எழுத்து. வேறு யாரும் எடுத்துப்போகக் கூடாதென்று அதன் முதுகில் நீ பூசிய சிவப்பு நகப்பூச்சு இன்னும் உரியவில்லை. இப்போது அது என் கோட்டுப் பையில் இருக்கிறது.

உனக்கு நடத்திய இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் உன் துணிச்சலைப் புகழ்ந்தார்கள். இந்த ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை அங்கே மாற்றியபோது வாயைத் திறக்காதவர்கள்தான் அதிகம் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த வரிசையில் முதல் ஆள் நான்தானே.

அந்த வங்காளித் தச்சரை நினைவிருக்கிறதா? இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலி. கடல் தாண்டி மெயின்லாண்டில் ஆபரேஷன் என்று முடிவாகி, ஃபைல்கூடத் தயார். நீ படத்தை விளக்குப்பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஏய், இவருக்கு இடுப்புல ஆறு இருக்குடி" என்றாய்.

கழுத்தில் ஏழு எலும்பு, விலா பிடித்திருக்கும் முதுகில் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து. படிக்கும்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். ஆனால் சிலருக்கு இடுப்பில் ஒன்று கூடி ஆறாக இருக்கும். இங்கே கடைசி எலும்பை ஐந்தென்று வைத்துக் கீழிருந்து எண்ணி, கெட்டது நாலாவது என்று எழுதியிருந்தார்கள். ஆபரேஷன் செய்பவர்கள் கடைசி விலாவுக்குக் கீழே தொடங்கி எண்ணினால் நாலாவது வேறோர் எலும்பு. வலிப்பது ஒன்று, அறுப்பது இன்னொன்று.

நீ யாரையும் கேட்கவில்லை. கழுத்திலிருந்து வால் எலும்புவரை படம் எடுத்தாய். ஒவ்வொரு விலா ஜோடியும் எந்த எலும்பில் பிடித்திருக்கிறது என்று பென்சிலால் எண் போட்டாய். எண்ணிக்கைத் தாளில் இரண்டு டெக்னீஷியன்கள் கையெழுத்திட வேண்டும் என்பது நம் அறையின் வழக்கம். நீ போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாய். நானும் எண்ணியிருந்தேன். எனக்கும் ஆறுதான் வந்தது.

அப்போதுதான் அந்த அறிக்கையை எழுதிய டாக்டர் உள்ளே வந்தார். "டெக்னீஷியன் ஹோ, டாக்டர் மத் பனோ" என்றார். டெக்னீஷியன்தானே, டாக்டராகப் பார்க்காதே.

"டாக்டர் நஹீ ஹூம் சார். கின்னா ஆத்தா ஹை" என்றாய். டாக்டர் இல்லை, எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை மூடினேன். "நான் சரியாப் பாக்கல சார்" என்றேன்.

நீ அந்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து வரும்வரை பெஞ்சை விட்டு எழவில்லை. அவர் எண்ணினார். ஆறு. அறிக்கை திருத்தப்பட்டது. தச்சர் இன்றும் டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் ஏணியேறி ஜன்னல் மாட்டுகிறார். உனக்கு மட்டும் இரண்டே வாரத்தில் டிரான்ஸ்பர். கப்பலடியில் நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது நீ கேட்டுக்கொள்ளவில்லை. "அடுத்த வாட்டி போடுடி. பேனா ஒன்கிட்டதான இருக்கு" என்றாய்.

அப்புறம் அங்கே உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் விடாத மழை, உன்னை இங்கே கொண்டுவர விமானம் எழும்பவில்லை. அந்த வானத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

இன்று காலை லம்பா லைனிலிருந்து ஓர் அம்மா வந்தார். அதே வலி, கீழிருந்து எண்ணிய அதே மாதிரி அறிக்கை. புது டாக்டர், அந்த அம்மாவுக்கு நாளைக்கு ஃப்ளைட் என்று ஃபைலுக்கு அவசரப்படுத்தினார். "கின்னே கே பாத் ஜாயேகா சார்" என்றேன். எண்ணிய பிறகுதான் போகும். அவர் முகம் சிவந்தது. உன் 'எல்'லை வைத்து, கழுத்திலிருந்து படமெடுத்து எண்ணினேன்.

ஐந்துதான் இருந்தது. அறிக்கை சரி. அவர் சிரித்தார். "தேக்கா? பாஞ்ச் ஹீ ஹை. இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான் சார்."

தாளில் கையெழுத்துப் போட்டேன். மெமோ வந்தால் வரட்டும். கார் நிக்கோபார் கப்பல் எந்தக் கிழமை புறப்படும் என்று எனக்கும் தெரியும்.