புளியமரப் பொந்தில் நீ வைத்த டப்பா

மாவு ஊற்றி வைக்க நான்கு பக்கமும் கொக்கி உள்ள டப்பா ஒன்று வாங்கினேன். இன்று காலை மூடியை அழுத்தியபோது, உன் டப்பாக்களைப் போலவே டக், டக் என்று கொக்கிகள் விழுந்த சத்தத்தில் கை அப்படியே நின்றுவிட்டது. புது ரப்பர் வளையத்தின் வாசனை வேறு. "என்ன, மூடி சரியில்லையா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். உனக்கு எழுத வேண்டும் என்று மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இன்று மாவை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பது வயதைத் தாண்டிய இரண்டு பெண்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு, எவனோ ஒளித்து வைத்த டப்பாவைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தோம் என்றால் யார் நம்புவார்கள்? ஜியோகேஷிங் என்று அதற்குப் பெயர் உண்டு. நாம் டப்பா என்றே சொல்லிக்கொண்டோம். ஒருவர் ஒளித்து வைத்துவிட்டு, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைச் செயலியில் போடுவார். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, பொம்மையோ மணியோ ஒன்றை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒன்றைப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பெருங்களத்தூர் நிறுத்தத்தில் நாவலூர் ஆபீஸ் வேனுக்குக் காத்திருந்தபோது நீதான் இதை என் தலையில் கட்டினாய்.

தேடுவதோடு நின்றிருந்தால் நிம்மதி. நீ வைக்கவும் ஆரம்பித்தாய். முதல் டப்பாவைப் பொழிச்சலூரில், விமானம் தலைக்கு மேலே இறங்கும் ஒரு தெருமுனையில் வைத்தாய். நான்காம் நாள் காணோம். இன்னொன்று வைத்தாய். அதுவும் போயிற்று. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உள்ளே இருந்தது இரண்டு பாசிமணியும் ஒரு பம்பரமும். அதைப் போய்த் திருடுகிறான் என்றால் அவனை என்ன சொல்வது என்று கத்தினேன். நீ தோளைக் குலுக்கினாய். "விடுப்பா, டப்பா நல்லா இருந்திருக்கு, சட்னி எடுத்துட்டுப் போக ஆச்சு" என்றாய்.

தாம்பரத்தில் வைத்ததற்கு வேறு கதி. ஒரு காலி மனையின் சுவர் ஓட்டையில் இருந்ததை யாரோ இழுத்துப் போட்டு மிதித்திருந்தார்கள். மூடி இரண்டாகப் பிளந்து, நோட்டு மழையில் ஊறி, உள்ளே பீடித் துண்டு. நீ அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பிரித்து உன் துப்பட்டாவில் ஒற்றி எடுத்தாய். பதினோரு பேர் அதில் எழுதியிருந்தார்கள். "இவங்க எல்லாம் மெனக்கெட்டு வந்திருக்காங்கப்பா" என்றாய். எனக்கு வெயிலில் தலை வலித்தது. சீக்கிரம் கிளம்பு என்று நான் சிடுசிடுத்தது இப்போது நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

நான்காவதுதான் நிலைத்தது. ஏரிக்கரைப் புளியமரத்தின் பொந்து. கைமுட்டி வரை உள்ளே விட்டால்தான் எட்டும். தேடி வந்தவர்களைத் தவிர நான்கு வருடம் ஒருவரும் கை வைக்கவில்லை. நீ நோயில் படுத்த பிறகும் "ஏரிக்கரை டப்பா இருக்கா பாரு" என்று கேட்பாய். நான் போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புவேன். போன ஐப்பசியில் நீ போனாய். அதன் பிறகு அந்தப் பக்கம் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. மரம் எங்கே ஓடிப் போகும் என்று இருந்துவிட்டேன்.

சித்திரையில் செயலியில் ஒருவர் 'கிடைக்கவில்லை' என்று எழுதினார். அடுத்த வாரம் இன்னொருவர். பிறகு, இவற்றை எல்லாம் எங்கோ உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும் ஒரு தன்னார்வலர், டப்பாவின் உரிமையாளர் முப்பது நாளில் போய்ப் பார்த்துப் பதில் எழுதாவிட்டால் செயலியில் அந்த டப்பாவுக்கான பக்கம் மூடப்படும் என்று போட்டார். எவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தார் தெரியுமா? உன் புனைபெயரைப் போட்டு, தங்கள் உடல்நலம் சரியில்லை என்றால் தெரிவிக்கவும் என்று கூட எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு ஆபீஸ் கழிவறையில் போய் அழுதேன்.

உன் கணக்குக்குள் நுழைய எனக்குக் கடவுச்சொல் தெரியாது. உன் வீட்டுக்காரரைக் கேட்டேன். உன் போனில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு உன் மாமியாருக்குக் கொடுத்துவிட்டாராம். அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. தன்னார்வலருக்கு நடந்ததை எழுதினேன். வருத்தம் தெரிவித்தார், டப்பா இருக்கிறது என்று யாராவது பார்த்துச் சொன்னால் பக்கத்தை விட்டு வைப்பதாகவும் சொன்னார். பக்கம் போனால் போகட்டும். எனக்கு வேண்டியது அந்த நோட்டு. பன்னிரண்டு வருடம் பழகியும் உன் கையெழுத்தில் என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. எல்லாம் போனில் தட்டியதுதான். நோட்டின் முதல் பக்கம் மட்டும்தான் நீ பேனா பிடித்து எழுதியது. மற்றவர்கள் எல்லாம் புனைபெயர் எழுத, நீ மட்டும் உன் முழுப் பெயரை எழுதினாய்.

ஞாயிறு காலையில் போனேன். பையில் ஒரு புது டப்பாவும் வைத்திருந்தேன். பொந்து இருந்த பக்கத்தில் பெரிய கிளையை வெட்டியிருந்தார்கள். கையை விட்டேன். காய்ந்த புளியங்கொட்டையும் மண்ணும்தான் வந்தது. வேர் இடுக்கு, கல்லுக்கடி, கரைச் சரிவு என்று அரைமணி நேரம் துழாவினேன். மரத்துக்கு எதிரே ஓட்டு வீட்டின் முன்னால் இட்லிக் கடை போடும் அக்கா கரண்டியோடு வந்து நின்றார்.

"இன்னாமா தேடிகினு கீறே?"

"இங்க ஒரு சின்ன டப்பா இருந்துதுக்கா."

அவர் முகம் மாறியது. என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கடை பெஞ்சில் உட்கார வைத்தார். "நீயும் பார்த்தியா அத்த? தொட்டியா?" என்றார். தொடவில்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

"கரண்டு ஒயர்ல இடிக்குதுன்னு கெளைய வெட்ட வந்தாங்க. அப்போ உள்ளேர்ந்து வுழுந்துச்சி. தொறந்து பார்த்தா ஒரு பொம்ம, ஊக்கு, சோழி. ஒரு நோட்டு முச்சூடும் பேரு. மனுசன் பேரே இல்லமா அது, பேருகூடவே நம்பர் நம்பரா எய்தி கீது. மொத பக்கத்துல இன்னா எய்தி இருந்துச்சி தெரியுமா? இருந்த எடத்துலயே வெக்கணுமாம், யாராண்டயும் சொல்லக் கூடாதாம். என் பொண்ணு படிச்சி சொல்லுச்சி. அப்பிடியே கீழ போட்டுட்டேன்."

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. சோழியை மாமல்லபுரத்தில் வாங்கிப் போட்டது நீ. பொம்மை போட்டது நான். பார்த்தவுடன் செய்வினை என்றுதான் யாருக்கும் தோன்றும். நமக்கு ஏன் அது தோன்றவே இல்லை?

"அதான் ரெண்டு வருசமா என் பொண்ணுக்கு வர்ற வரன் எல்லாம் தட்டிப் போச்சு. கோயில் பூசாரியக் கேட்டு, கல்பூரம் கொளுத்தி, நோட்டோட எரிச்சி, சாம்பல ஏரில கரைச்சிட்டோம். இப்போ பாரு, போன மாசம் நிச்சயம் ஆயிடுச்சி."

உள்ளே இருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். கையில் புது வளையல்கள். அவளிடம் நான் என்ன சண்டை போடுவது? அது விளையாட்டு, வைத்தது என் சிநேகிதி, அவள் இப்போது உயிரோடு இல்லை என்று சொன்னால், நிச்சயமான கல்யாணத்துக்கு முன்னால் அந்த வீட்டில் மறுபடி பயத்தைக் கிளப்பியது போல ஆகும். நான் இட்லி வேண்டும் என்று சொன்னேன். சாப்பிட முடியவில்லை. பையில் இருந்த டப்பாவை அவர் கண்ணில் படாமல் காலுக்கடியில் தள்ளிக்கொண்டேன். அங்கே இன்னொன்றை வைத்தால் அதையும் எரிப்பார்கள். அவர்களைத் திட்டவும் முடியவில்லை, உன்னிடம் வந்து சொல்லவும் முடியவில்லை.

கிளம்பும்போது அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"மொத பக்கத்துல ஒரு பொம்பளப் பேரு இருந்துச்சிமா. அது மட்டும்தான் மனுசப் பேரு. அப்போ அதுக்குத்தானே வெச்சிருப்பானுங்க? யாரு பெத்த பொண்ணோ." உன் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், இனிஷியலோடு, தப்பில்லாமல். "நாங்க எரிச்சதால நமக்கு வெலகிடுச்சி. அந்தப் பொண்ணு மேல போய் வுழக் கூடாதுல்ல? அதான் வெள்ளிக்கெழமதோறும் அது பேருக்கு அம்மன் கோயில்ல ஒரு வெளக்கு ஏத்துறேன். உனக்குத் தெரிஞ்ச பொண்ணா?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

"நல்லா கீதா?"

"நல்லா இருக்காக்கா."

"அப்பாடா" என்று மாரில் கை வைத்துக்கொண்டார். பிறகு நான் தின்னாமல் விட்ட இட்லியை இலையில் மடித்துக் கொடுத்தார்.

அன்று மாலையே செயலியில் 'கிடைக்கவில்லை' என்று எழுதிவிட்டேன். ஏன் என்று எழுதவில்லை. தன்னார்வலர் பக்கத்தை மூடிவிட்டார். உரிமையாளர் விரும்பினால் மீண்டும் திறக்கக் கோரலாம் என்று கடைசி வரி. அது எல்லோருக்கும் போகும் வரிதான், இருந்தாலும் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

உன் கையெழுத்து போய்விட்டது. அது இனி வராது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளியும் ஆபீஸ் வேன் ஏரிக்கரைத் திருப்பத்தைத் தாண்டும்போது, உன்னைப் பார்த்தே இராத ஒருத்தி, உனக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று இந்நேரம் வேண்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். இறங்கிப் போய் அவளிடம் நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.