மூன்று சுழி ண

மார்ச் 3, செவ்வாய்

ண-வின் நடுச் சுழியில் வெள்ளையே இல்லை. அச்சகத்திலிருந்து வந்த சோதனைத் தாளில் முதலில் கண்ணில் பட்டது இதுதான். 'தண்ணீர் நின்றது' என்ற தலைப்பில் இரண்டு ண-வும் மை குடித்து ஊதிக் கிடந்தன.

எட்டு மாதமாக அண்ணன் வரையும் எழுத்துரு. கனத்த உடம்பு, முனைகளில் செதுக்கி வைத்ததுபோல் பாதங்கள். புதிதாக வரப்போகும் நாளிதழின் தலைப்புகளுக்காக. பத்தாம் தேதி அந்த நாளிதழின் ஆசிரியரம்மா சரி என்றால் உண்டு, இல்லையென்றால் வேறொருவரிடம் போய்விடுவார்கள். அவன் வரைந்த கோடுகளில் பிசிறு எடுப்பது என் வேலை.

சொல்லவா? நாளை சொல்கிறேன்.

மார்ச் 4

சொன்னேன். பாதிதான் வெளியே வந்தது. "சுழி... அடைக்குது."

அவன் திரையிலிருந்து திரும்பவில்லை. "இங்க எவ்ளோ வெளிச்சமா இருக்கு பாரு. அது அவங்க மெஷின் கோளாறு."

"அவ வாயத் தொறக்கறதே வருஷத்துக்கு ஒரு தடவ. அன்னிக்காவது காது குடுங்களேன்" என்றாள் அண்ணி.

"வரையறது நான். அவ பிசிறு எடுத்தாப் போதும்."

மார்ச் 6

மட்டமான தாள் மையை இழுத்துக்கொள்கிறது. இரண்டு கோடு சேரும் மூலையில்தான் தேங்குகிறது. அந்த மூலையை முன்கூட்டியே கொஞ்சம் வெட்டிவிட்டால்? மை வந்து தானே நிரப்பிக்கொள்ளுமே?

வெட்டிப் பார்த்தேன். திரையில் எலி கடித்ததுபோல் இருக்கிறது. இதை அவனிடம் காட்டினால் கொன்றே போடுவான்.

மார்ச் 7

அவன் சாப்பிட எழுந்த இருபது நிமிடத்தில் ண-வையும் ணா, ணி, ணு என்று அதன் குடும்பத்தையும் மாற்றிவிட்டேன். திரும்பி வந்தவன் திறந்துகூடப் பார்க்காமல் கோப்பை நாளிதழுக்கு அனுப்பினான்.

என்னடி பண்ணித் தொலச்சே என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 10

சரி என்றுவிட்டார்கள்! புதுச் சோதனைத் தாளில் மூன்று சுழியும் திறந்து, மூலைகள் கூராக, கடித்த தடமே இல்லை. அண்ணன் என் தலையில் தட்டினான். "பாத்தியா? மெஷின சரி பண்ணிட்டாங்க."

சிரித்து வைத்தேன்.

மார்ச் 11

சொல்லவில்லை.

மார்ச் 12

இன்றும் இல்லை.

மார்ச் 16

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நாளிதழின் விளம்பரப் பலகை. 'கண்ணெதிரே உண்மை.' ஒவ்வொரு எழுத்தும் ஆளைவிட உயரம். ண-வில் மட்டும் மூலைக்கு மூலை கடி. என் கடி. பலகையில் பரவி நிரப்ப மை ஏது? இவ்வளவு பெரிதாகப் போடுவார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தலைப்பெழுத்து என்றாலே பெரிதாகப் போடத்தானே?

கூட வந்த அண்ணன் அங்கேயே நின்று ஆசிரியரம்மாவுக்குப் போன் போட்டான். "உங்க ஆளுங்க என் எழுத்தக் குதறி வெச்சிருக்காங்க மேடம். யாரு பண்ணாங்கன்னு தெரிஞ்சாகணும்."

மாலைக்குள் பதில் வந்தது. அங்கே விளம்பரத்தை அமைத்த ஓர் அக்காவை நாளை விசாரிக்கப் போகிறார்களாம். வேலை போகலாமாம்.



மார்ச் 17

நாளிதழ் அலுவலகத்துக்கு நானும் வருகிறேன் என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

ஆசிரியரம்மாவின் கண்ணாடி அறை. அந்த அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. "நான் தொடவே இல்ல மேடம். வந்தத அப்படியே போட்டேன்."

"அப்ப எலி வந்து கடிச்சுதா?" என்றான் அண்ணன்.

நான் கதவருகே நின்றேன். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. ஒன்பதாவதில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது ஒட்டியதே, அதே மாதிரி. அன்று பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள்தான், பிறகு பள்ளிக்குப் போகவில்லை. இன்றும் கதவு பக்கத்தில்தான் இருந்தது.

"நான்தான்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"யாருங்க இது?"

"என் தங்கச்சி மேடம். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியும். ண-வ நான்தான் வெட்டினேன்." இரண்டு சோதனைத் தாள்களையும் மேசையில் விரித்தேன். அடைத்த சுழியையும் திறந்த சுழியையும் தொட்டுக் காட்டினேன்.

ஆசிரியரம்மா மாற்றி மாற்றிப் பார்த்தார். அந்த அக்காவைப் பார்த்து, "நீங்க போய் வேலையப் பாருங்கம்மா" என்றார். பிறகு அண்ணனிடம், "பேப்பருக்கு இதுவே இருக்கட்டும். பலகைக்கு வேற குடுங்க." கடைசியாக என்னிடம்: "நல்லாத்தான் யோசிச்சிருக்கே. ஆனா சொல்லாம மாத்தற ஆள நம்பி நான் எப்படிம்மா பேப்பர் நடத்தறது?"



திரும்பும் வழியில் பேருந்தில் அண்ணன் வேறு இருக்கையில் உட்கார்ந்தான்.

மார்ச் 18

பலகைக்கு அவனே வரைந்து அனுப்பிவிட்டான். என் கணினியில் அந்தக் கோப்பு இப்போது திறக்கவில்லை. பூட்டிவிட்டான்.

"ரெண்டு பேரும் ஊமைப்படம் ஓட்டறீங்களா?" என்றாள் அண்ணி. அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 21

இன்றும் பிசிறு எடுக்க அவன் எதுவும் தரவில்லை.

மார்ச் 24

காலையில் ஒரு தாளை என் மேசையில் போட்டான். முழுக்க ஞ, பல அளவுகளில்.

"எங்கெங்க அடைக்கும்னு குறி. குறிச்சா மட்டும் போதும், கை வெக்காத."

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினான்.

"அண்ணா, இங்க உக்காரு" என்றேன்.

நின்றான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். சிவப்புப் பென்சிலை எடுத்தேன். ஒவ்வொரு மூலையாக, ஏன் என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி வட்டமிட்டேன்.