அரசியின் ஆட்டத்துக்கு அம்மாவைக் கேட்டது

ஹனோவர்,
14.05.2006

அன்பு மகள் ஆதிரைக்கு,

நீயும் மருமகனும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்பில் குறை ஒன்றுமில்லை. மனம்தான் சரியில்லை. பெற்ற பிள்ளைக்கு இதை எழுதலாமா என்று யோசித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன், ஆனாலும் வேறு யாருக்கு எழுதுவது.

அம்மாவின் முழங்கால் வலிக்கு நடமாட்டம் வேண்டும் என்று டொக்டர் சொன்னதும், மேல்மாடி லூடர்ஸ் அம்மா தான் போகும் ஸ்கொட்லாந்து நாட்டுப்புற நடன வகுப்புக்கு அவரைக் கூட்டிப்போனது உனக்குத் தெரியும். நானும் நல்லது என்றுதான் சொன்னேன். அங்கே மகேந்திரராஜாவும் ஆடுகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. தபால் கந்தோரில் வேலை செய்தவர், நீ சிறுவயதில் மாமா என்று அழைத்தவர், மனைவி காலமானபின் தனியாக இருக்கிறார். இப்போது புதன்கிழமைகளில் காரில் வந்து கீழே நின்று ஹோர்ன் அடிக்கிறார், அம்மா வாசனை பூசிக்கொண்டு இறங்குகிறார். மகேந்திரண்ணைக்குக் காற்றுப் போலக் கால் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார், அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் நானும் வகுப்பில் சேர்ந்தேன். ஊரில் கணக்குப் படிப்பித்த நான் இடது வலது தடுமாறுவதைப் பார்த்து அவர், மாஸ்ரர், இது கேத்திரகணிதம் இல்லை, காலை விடுங்கோ என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும்தான்.

வகுப்பை நடத்தும் சங்கத்துக்குப் பிரித்தானிய அரச குடும்பம் புரவலராக இருப்பதைக் கௌரவிக்க அமைத்த ஆட்டம் ஒன்று இருக்கிறது. நாங்கள் அரசியின் ஆட்டம் என்போம், விழாக்களில் மட்டும் ஆடுவார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை, தலைவணங்கித் தொடங்கி வணங்கி முடிக்க வேண்டும். அது ஒன்றையாவது பிழையில்லாமல் ஆட வேண்டும் என்று, அம்மா கடைக்குப் போகும் நேரங்களில் சமையலறை மேசையில் தேநீர்க் கோப்பைகளை நகர்த்திப் பழகினேன். நீலக் கோப்பை அம்மா, பிடி உடைந்தது நான். மகேந்திரராஜாவுக்குக் கோப்பை வைக்கவில்லை.

போன சனிக்கிழமை வசந்த விழா. அரசியின் ஆட்டம் என்று அறிவித்ததும் எழுந்துபோய் ஆண்கள் வரிசையில் நின்றேன், அம்மா வந்து எதிரே நிற்பார் என்று. அம்மா மகேந்திரராஜாவின் கையைப் பிடித்தபடி என்னைக் கடந்துபோய் மேல் முனையில் நின்றார். எனக்கு எதிரே யாரும் இல்லை. நான் வந்து கதிரையில் உட்கார்ந்து, இருவரும் ஒரு பிழையும் விடாமல் ஆடியதைக் கடைசி வணக்கம் வரை பார்த்தேன். ஒரு பிழையாவது விடட்டும் என்றுதான் பார்த்தேன், பிள்ளை.

திரும்பும் ட்ராமில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். ஏன் முகம் இப்படி என்று அம்மா கேட்டார். கட்டின மனுசி எனக்கு எதிரே வராமல் போனால் வேறெப்படி இருக்கும் என்றேன். அவர் சாதாரணமாகத்தான் பதில் சொன்னார். "அங்கை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கையை நீட்டிக் கேக்கவேணும். அவர் கேட்டவர், நான் ஓம் எண்டனான். நீங்கள் கேட்டனீங்களோ? கலியாணத்துக்கும் உங்கட அப்பாதானே வந்து கேட்டவர்."

அன்றிலிருந்து அது எனக்குள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. இலையுதிர்கால விழாவில் அந்த ஆட்டம் திரும்ப வரும். புதன்கிழமை ஹோர்ன் சத்தமும் வரும், அவர் முந்திவிடுவார் என்ற பயத்தில் இன்று காலை அம்மா தேநீர் ஊற்றும்போதே கையை நீட்டி, இஞ்சாரும், நீர் என்னோடை ஆடுவீரோ என்று கேட்டுவிட்டேன். அம்மா அந்தக் கையில் கோப்பையை வைத்து, யோசிச்சுச் சொல்லுறன் என்றார். நீலக் கோப்பை.

இங்கே வசந்தம் என்றால் பூமியின் அந்தப் பக்கம் உங்களுக்குக் குளிர் தொடங்கியிருக்கும், ஹீட்டரைப் போட்டபடி தூங்காதே, மருமகனையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். இருவரும் நீடூழி ஒற்றுமையாக வாழ அம்பாள் துணையிருப்பாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அம்மா தன் பதிலை உனக்குத் தொலைபேசியில் முதலில் சொன்னால் எனக்குச் சொல்லிவிடாதே. அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.

அன்புள்ள அப்பா,
இராசலிங்கம்