சின்னவர் உட்காரும் வரை

ஜூன் 9

கல்லூரியைக் கட்டியவரின் பேரன், ஐம்பத்திரண்டு வயதுச் ‘சின்னவர்’. அவருடைய நிறுவனர் நாள் உரையை இந்த வருடமும் நானே எழுதிக் கொடுத்தேன். பதினோராவது முறை. தலைப்பு ‘மேன்மை’. அது பிறப்பில் இல்லை, நடத்தையில் இருக்கிறது என்று முடித்திருக்கிறேன். அவரிடமிருந்து நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. துறைத்தலைவர் பதவி இந்த முறை எனக்குத்தான் என்கிறார் முதல்வர். ஒன்பது வருடமாகச் சொல்கிறார்.

ஜூன் 11

நிறுவனர் நாள் விழா. சின்னவர் உட்காரும் வரை ஊழியர்கள் நிற்க வேண்டும், பழைய வழக்கம். இன்று அவர் உட்காராமல் நேரே மைக்குக்குப் போய்விட்டார். நாற்பது நிமிடம் நின்றோம். உரையின் நீளம் என் குற்றம்.

நூலக உதவியாளர் அக்காவுக்கு முழங்காலில் அறுவை முடிந்து ஒரு மாதம்தான். முகம் வெளுத்துவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“வேணாம் சார், பாக்கறாங்க.”

“பாக்கட்டும். உட்காருங்கக்கா.”

உட்கார்ந்தார். மேடையில் வாசிப்பு தடுமாறியது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அக்காவுக்காகப் போட்டேனா, சின்னவரை நோகடிக்கப் போட்டேனா?

ஜூன் 14

நோட்டீஸ் அக்காவுக்கு வந்திருக்கிறது. எனக்கு இல்லை. நாற்காலி போட்டது யார் என்று முதல்வர் கேட்டாராம். “கால் வலிச்சுது, உட்கார்ந்தேன். யார் போட்டா என்ன?” என்றாராம் அக்கா. அவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது. நான் வாயே திறக்கவில்லை. இத்தனை படித்தவன்.

ஜூன் 15

மனைவி கேட்டாள்: “அந்தப் பதவி வந்தா யார்கிட்ட போய்க் காட்டப் போறீங்க?”

ஜூன் 17

விசாரணை. யாரும் கூப்பிடவில்லை, போனேன். “நாற்காலி போட்டது நான். உட்காரச் சொன்னதும் நான். சின்னவர் வாசிச்ச உரையும் நான் எழுதினதுதான், கடைசிப் பக்கத்தைப் படிச்சுப் பாருங்க.” முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நான் சமாளிச்சிட்டுத்தான இருந்தேன்,” என்றார் அக்கா.

வெளியே வேதியியல் பேராசிரியர். பதினைந்து வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. கையில் ஒரு தாள் - இனி நாங்களும் நிற்க மாட்டோம் என்று, கீழே முப்பத்தொரு கையெழுத்து.

“போடறீங்களா, இல்ல இன்னும் கோவமா?”

போட்டேன். கோபம் இருக்கிறது.

ஜூன் 24

அக்காவின் நோட்டீஸ் வாபஸ். பதவி வேறொருவருக்கு. வயிறு எரியும் என்று காத்திருந்தேன். பசித்தது.

ஆகஸ்ட் 2

பட்டமளிப்பு விழா. சின்னவர் வந்தார். யாரும் எழவில்லை. ஒரு கணம் பார்த்தார், போய் உட்கார்ந்தார். கூரை விழவில்லை.

அக்கா தாமதமாக, கைத்தடியோடு உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றேன். வேதியியல் எழுந்தது. பிறகு வரிசை வரிசையாக எல்லோரும்.

“உட்காருங்க சார், பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது,” என்றார்.

அவர் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தோம்.