பெர்லினில் குடித்த தண்ணீர்

28 ஓகஸ்ட் 2025, வியாழன். புளியங்கூடல்

விசா வந்துவிட்டது. பெர்லின் மின்னணுக் கண்காட்சிக்கு வந்த அழைப்பை ஆசிரியர் வேறொரு நிருபருக்குத்தான் கொடுத்திருந்தார். நான் கேட்டு வாங்கினேன். முப்பத்தாறு வருட நிருபர் வேலையில் நானாகக் கேட்ட முதல் பயணம்.

காரணம் மனைவி றஞ்சனிக்குத் தெரியும். ஜேர்மனியில் மகள் பிரியவதனி வேலை செய்யும் கம்பனியும் அங்கே கடை போடுகிறது. ஞாயிறுதோறும் தாயோடு கதைக்கும்போது சொன்னது.

"சொல்லிப்போட்டுப் போங்கோவன்."

"வேண்டாம். நீரும் சொல்லாதையும்."

"பதினொரு வருசமா உங்க ரெண்டு பேருக்கும் நான்தான் தபால்காரி. இதையும் சொல்லக்கூடாதெண்டால் பென்சனைத் தாங்கோ."

2014இல் மகள் ஜோர்ஜைக் கட்டினாள். ஊர்காவற்றுறைக் கரையோரக் குடும்பம். சாதியும் வேறு, சமயமும் வேறு. கலியாண நாளன்று நான் நெடுந்தீவில் இருந்தேன், இறங்குதுறை பற்றிய செய்தி ஒன்றுக்காக. அதை அடுத்த நாளும் எழுதியிருக்கலாம்.

5 செப்டெம்பர், வெள்ளி. பெர்லின்

ஒரு மண்டபத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் பஸ் ஓடுகிறது. உடுப்பு மடிக்கும் யந்திரம் பார்த்தேன். பின்னால் நிற்கும் ஆளும் தெரியும் கண்ணாடித் தொலைக்காட்சி பார்த்தேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

அவர்களுடைய கடை கடைசி வரிசையில். சின்னது. உவர்நீரைக் குடிநீராக்கும் பெட்டி, ஒரு வீட்டுக்கு அளவானது. எங்கள் தீவின் உப்புக் கிணறுகளைப் பற்றி நான் எழுதாத வருடமில்லை. அவள் இதைச் செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

முடியை வெட்டிவிட்டாள். கையை ஆட்டிக் கதைப்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

பதினைந்து மீற்றர் தூரம். அமைச்சர்களை வழிமறித்துக் கேள்வி கேட்டவன் நான். பக்கத்துக் கடையில் பாண் வாட்டும் மெஷினை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

6 செப்டெம்பர், சனி

காலையில் போனேன். பின்னேரமும் போனேன். அவளுக்கு முன்னால் எந்நேரமும் ஆட்கள். அல்லது, ஆட்கள் நிற்கும் நேரம் பார்த்துத்தான் போனேனா?

7 செப்டெம்பர், ஞாயிறு

இன்று அவள் இல்லை. உயரமான ஜேர்மன்காரர் ஒருவர் நின்றார். துணிந்து போனேன். எவ்வளவு உப்பைத் தாங்கும், எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று கேட்டேன். ஒளிக்காமல் பதில் சொன்னார். பெட்டியில் இறங்கிய தண்ணீரில் ஒரு கிளாஸ் தந்தார். குடித்தேன். நல்ல தண்ணீர்.

வெளிக்கிடும்போது என் கழுத்தில் தொங்கிய அட்டையில் ஒரு கருவியைக் காட்டினார். கடைக்கு வந்தவர்களின் விபரம் அப்படித்தான் சேர்கிறதாம்.

அறைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் உறைத்தது. பெயர், ஊர், பத்திரிகை — எல்லாம் அந்தப் பட்டியலில் ஏறியிருக்கும். அவள் பார்ப்பாள்.

தெரியாமல்தான் அட்டையைக் காட்டிக்கொண்டு நின்றேனா? தெரியவில்லை.

8 செப்டெம்பர், திங்கள்

ஊடக அறைக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், முன்முடி கொட்டியிருந்தது.

"மாமா, நான் ஜோர்ஜ்."

எழும்பிவிட்டேன். பிறகு, "இரும்" என்றேன்.

"பட்டியலில பேரைப் பாக்க முதலே அவவுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே கண்டவவாம். பாண் மெஷின் வாங்கினீங்களோ எண்டு கேக்கச் சொன்னவ."

"அவள் வருவாளோ?"

அவர் அப்போதுதான் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"ஒண்டு சொல்லி விட்டவ. எனக்குச் சொல்ல விருப்பமில்லை மாமா. ஆனா சொல்லாமல் வீட்டை போகேலாது. தங்கட ஸ்டோலில தண்ணி குடிச்சனீங்களாம். என்ர அம்மா வீடு உங்கட வீட்டிலயிருந்து நாலு கிலோமீற்றர். அங்கையும் ஒரு மிடறு குடியுங்கோவாம். பிறகு கதைக்கிறாவாம்."

போகமுதல் கைபேசியில் பேத்தியின் படம் காட்டினார். முன்பல் இரண்டும் இல்லை. படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

9 செப்டெம்பர், செவ்வாய்

ஆறு மணிக்குக் கண்காட்சி மூடியது. அவள் கடைசிவரை நின்றிருப்பாள். நான் அந்த மண்டபப் பக்கம் போகவில்லை.

14 செப்டெம்பர், ஞாயிறு. புளியங்கூடல்

கண்காட்சிச் செய்தியை அனுப்பிவிட்டுப் பின்னேரம் ஊர்காவற்றுறைக்கு வெளிக்கிட்டேன். றஞ்சனி மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வழி சொன்னாள். எந்த இடத்தில் பள்ளம் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஜோர்ஜின் தாய் திரேசம்மா கதிரையைத் துடைத்து வைத்தார். உள்ளே போய், மூடி திறக்காத சோடாப் போத்தல் ஒன்றைத் தட்டத்தில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் ஆட்கள் போனால் அந்த வீடுகளில் இப்படித்தான் தருவார்கள். அவர்களுடைய கோப்பையில் நாங்கள் வாய்வைக்க மாட்டோம் என்பதால். குத்திக் காட்டவில்லை. எனக்கு மரியாதை செய்கிறார்.

"தேத்தண்ணி இல்லையோ?" என்றேன்.

அவர் றஞ்சனியைப் பார்த்தார். "பால்மா முடிஞ்சுது. பிளேன்ரீதான்."

"அதுவே காணும்."

குசினியில் கேத்தல் வைக்கும் சத்தம் கேட்டது. எனக்குப் பூப்போட்ட கோப்பை, புதிது. றஞ்சனிக்குப் பிடி உடைந்த நீலக் கோப்பை. கேட்காமலே அவள் கையில் கொடுத்தார். தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டது. முழுக்கக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன்.

இரண்டாவதை ஊற்றும்போது அவருடைய போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் மாமிக்கும் எடுப்பாள்போல.

"ஓம் பிள்ளை... ஓம், வந்தவை. இஞ்சைதான் இருக்கினம்... ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்." பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "நீயே சொல்லன் பிள்ளை" என்று போனை என் பக்கம் நீட்டினார்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாங்கினேன். காதில் வைத்தேன். அவளுக்குப் பின்னால் யாரோ சின்னப் பிள்ளை, ஆர் அது, ஆர் அது என்று கேட்டபடி இருந்தது.